மாங்கனியும் நீலக் கண்ணும்

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் பாதையில் திருவள்ளூரையும் மணவூரையும் தாண்டினால் திருவாலங்காடு என்ற ஸ்டேஷன் வரும். எக்ஸ்பிரஸ் வண்டியில் போகிறவர்கள் பெயர்ப் பலகையைப் படித்து முடிப்பதற்குள் ஊர் பின்னால் ஓடிவிடும். ஆனால் நின்று பார்க்க வேண்டிய ஊர் அது. சரித்திரம் படித்தவர்களுக்கு அந்த ஊர் செப்பேட்டால் பழக்கம். பக்கத்துப் பழையனூரை ராஜேந்திர சோழன் இந்தக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்லும் 31 செப்பேடுகள், சோழர் வரலாற்றுக்கே முதுகெலும்பாக இருக்கின்றன. சைவர்களுக்கு அது நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளில் ஒன்றான ரத்தின சபை. கதை கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பழையனூர் நீலியின் ஊர். கொடுத்த வாக்குக்காக எழுபது வேளாளர்கள் தீயில் இறங்கிய இடம்.

எனக்கோ திருவாலங்காடு என்றதும் நினைவுக்கு வருவது ஒரு மாம்பழம்.

காரைக்காலில் புனிதவதி என்ற வணிகர் குலத்துப் பெண். கணவன் பரமதத்தன் கடையிலிருந்து இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்புகிறான். பசியோடு வந்த சிவனடியார் ஒருவருக்கு அவற்றில் ஒன்றை அந்த அம்மாள் கொடுத்துவிடுகிறாள். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த கணவன் மற்றொன்றைத் தின்றுவிட்டு, ருசி தாங்காமல் அடுத்ததையும் கேட்கிறான். புனிதவதி உள்ளே போகிறாள். பொய் சொல்லத் தெரியவில்லை. உண்மையைச் சொல்லவும் நா எழவில்லை. நின்ற இடத்தில் நின்று இறைவனைக் கேட்கிறாள். கையில் ஒரு கனி வந்து அமர்கிறது.

பெரிய புராணத்தில் எத்தனையோ அற்புதங்கள் இருக்கின்றன. இதைப்போல வீட்டுச் சமையலறையில், ஒரு சின்னச் சங்கடத்துக்காக நடந்த அற்புதம் வேறு இல்லை என்று எண்ணுகிறேன். ராஜ்யம் கேட்கவில்லை, மோட்சம் கேட்கவில்லை. ஒரு மாம்பழம் கேட்டாள். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு குழந்தை கேட்கும் கேள்வி அது. கொடுப்பாளா மாட்டாளா என்று குழந்தை தர்க்கம் செய்வதில்லை. அம்மாவிடம் இருக்கிறது, கேட்கிறேன்; அவ்வளவுதான்.

இந்தக் குழந்தைப் பாங்கான நம்பிக்கையைத் தன் சமயத்தின் வாசற்படியாகவே வைத்தவர் இயேசுநாதர். பரலோக ராஜ்யத்தில் யார் பெரியவன் என்று சீஷர்கள் கேட்டபோது, அவர் ஒரு சிறு பிள்ளையை அழைத்து நடுவில் நிறுத்தியதாக மத்தேயு எழுதிய சுவிசேஷம் கூறுகிறது. பிள்ளைகளைப்போல் ஆகாதவர்களுக்கு அந்த ராஜ்யத்தில் நுழைவே இல்லை என்பது அவர் வாக்கின் கருத்து. கேட்பதற்கு இனிமையான வார்த்தை. ஆனால் யோசித்துப் பார்த்தால் பயங்கரமான வார்த்தையும்கூட. குழந்தையைப்போல் நம்புவது என்றால் கைமுதல் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் நம்புவது. நம்மைப் போன்றவர்கள் சுவாமிக்கு அர்ச்சனை செய்துவிட்டு, இன்ஷூரன்ஸும் கட்டிவிட்டுத்தான் தூங்கப் போகிறோம்.

அப்படிக் கைமுதல் இல்லாமல் நம்பியவர்கள் தமிழ்நாட்டில் வாழ்ந்திருக்கிறார்களா? அந்த நம்பிக்கை அவர்களை என்ன செய்தது? கேட்டது கிடைத்ததா? கிடைக்காதபோது என்ன ஆயிற்று? சில நாளாக இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பழைய பாதிரிமார்களின் சரித்திரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நூல் கையில் அகப்பட்டது. அதன் ஒரு முனை காரைக்காலுக்கு மிக அருகிலேயே இருந்தது.

காரைக்காலிலிருந்து கடற்கரையோரமாக வடக்கே சிறிது தூரம் போனால் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620இல் கோட்டை கட்டிய ஊர். 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9ஆம் தேதி சீகன்பால்கு என்ற ஜெர்மானிய வாலிபர் அங்கே கப்பலில் வந்து சேர்ந்தார். மறுநாள் அவருக்கு 24 வயது நிறைந்தது. துணைக்குப் புளுட்சோ என்ற ஒரு நண்பர். டென்மார்க் அரசர் அனுப்பியவர்கள்தான். ஆனாலும் தரங்கம்பாடியிலிருந்த டேனிஷ் அதிகாரிகளுக்கு அவர்களைக் கண்டாலே கசப்பு. பின்னால் அந்தக் கோட்டையிலேயே சீகன்பால்கு நான்கு மாதம் சிறையிருக்க நேர்ந்தது.

தமிழ் தெரியாது. இலக்கணப் புத்தகம் இல்லை. சீகன்பால்கு என்ன செய்தார் தெரியுமா? திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வரவழைத்துப் பள்ளியை அங்கே நடத்தச் சொன்னார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதினார். படித்து, குருப்பட்டமும் வாங்கி வந்தவர், அரையில் துணி நழுவும் பையன்களுக்கு நடுவே மணலைத் துழாவிக்கொண்டிருந்த காட்சியை மனக்கண்ணில் பார்க்கிறேன். சிறு பிள்ளையைப்போல் ஆவது என்பதை அவர் உபமானமாக எடுத்துக்கொள்ளவில்லை, அப்படியே செய்துவிட்டார்! அந்த மணலில் தொடங்கிய எழுத்து, 1715இல் தமிழில் அச்சான புதிய ஏற்பாடாக முடிந்தது. 1719இல், 37 வயது நிறையுமுன்னே அவர் காலமானார்.

இவரைத் தயார் செய்து அனுப்பிய இடம் ஜெர்மனியிலுள்ள ஹாலே என்ற நகரம். அங்கே பிராங்கே என்ற பேராசிரியர் இருந்தார். 1695இல் ஏழைகளுக்காக வைத்திருந்த உண்டியலில் யாரோ போட்ட ஒரு சிறு தொகையைக் கண்டார். மூலதனம் வந்துவிட்டது என்று அவர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அக்கம்பக்கத்தில் சிரித்திருப்பார்கள். மூன்று வருஷத்தில் அநாதை விடுதிக்குப் பெரிய கட்டடம் எழும்பத் தொடங்கியது. 1727இல் அவர் இறந்தபோது அவருடைய பள்ளிகளில் 2000க்கு மேற்பட்ட பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

நூறு வருஷத்துக்குப் பின் அதே ஹாலேயில் படித்தவர் ஜார்ஜ் முல்லர். வாலிபத்தில் திருட்டும் குடியுமாக இருந்து மனம் திருந்தியவர். பிராங்கேயின் கதை அவர் மனத்தை விட்டு அகலவில்லை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் 1836இல் ஓர் அநாதை விடுதியைத் தொடங்கினார். மனிதர் யாரிடமும் பணம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை, தேவையைக் கடவுளிடம் மட்டுமே சொல்வது என்று ஒரு விரதம் வைத்துக்கொண்டார். 1898இல் அவர் இறப்பதற்குள் 10,000க்கு மேற்பட்ட அநாதைகள் அவருடைய விடுதிகளில் வளர்ந்து வெளியேறியிருந்தார்கள். அதோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வந்த ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதி வருஷந்தோறும் அச்சிட்டார். கடவுளை நம்பினார், ஆனால் கணக்குப் புத்தகத்தைக் கடவுளிடம் விட்டுவிடவில்லை!

இந்த நூலின் அடுத்த முனை திருநெல்வேலிச் சீமையில், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், களக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. டோனாவூர் என்ற பெயரைக் கேட்டால் ஏதோ தமிழ்ப் பெயர் மருவியதாகத் தோன்றும். டோனா என்பவர் ஒரு பிரஷ்ய நாட்டுப் பிரபு. 1820களில் ரேனியஸ் ஐயர் அங்கே ஒரு கிறிஸ்தவக் குடியிருப்பை அமைத்தபோது அந்தப் பிரபு பணம் கொடுத்தார். தாம் பார்த்தே இராத பனங்காட்டுக்குத் தம் பெயர் வந்து ஒட்டிக்கொண்டதை அவர் எப்படி நினைத்தாரோ!

அந்த டோனாவூருக்கு 1900ஆம் ஆண்டில் எமி கார்மைக்கேல் என்ற பெண்மணி வந்தார். 1867இல் அயர்லாந்தில் பிறந்தவர்; ஏழு குழந்தைகளில் மூத்தவர். அவருடைய மூன்றாம் வயதில் நடந்ததாக ஒரு சம்பவத்தைச் சொல்வார்கள். கடவுள் பிரார்த்தனைக்குப் பதில் கொடுப்பார் என்று தாயார் சொல்லியிருந்தார். எமிக்குப் பழுப்புக் கண்கள். நீலக் கண்ணென்றால் கொள்ளை ஆசை. ஒரு நாள் இரவு கடவுளிடம் நீலக் கண் கேட்டுவிட்டு, நிச்சயமாகக் கிடைத்துவிடும் என்று தூங்கிப் போனது குழந்தை. விடிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிக் கண்ணாடியில் பார்த்தது. அதே பழுப்புக் கண்கள். முகம் வாடிப்போன குழந்தைக்கு அப்போது கிடைத்த விளக்கம் இதுதான்: இல்லை என்பதும் ஒரு பதில்தானே?

என் பாட்டி சிறு வயதில் எனக்கு மாங்கனிக் கதையைச் சொன்னபோது, “நான் கேட்டாலும் வருமா பாட்டி?” என்று கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். “உனக்கு மாம்பழம் வராதுடா, மாம்பழத்து மேல ஆசைதான் வரும்” என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். கொடுக்கப்பட்ட பழத்தைப் பற்றிப் புராணம் எழுதலாம். கொடுக்கப்படாத பழத்தைப் பற்றி என்ன எழுதுவது? எமி அம்மாளின் வாழ்க்கை முழுவதும் அந்தக் கேள்விக்கு எழுதிய பதிலாகவே எனக்குப் படுகிறது.

1895இல் அவர் இந்தியாவுக்கு வந்தார். பிறகு தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. வாக்கர் ஐயர் என்ற தமிழறிந்த பாதிரியாரிடம் தமிழ் கற்றார். புடவை கட்டிக்கொண்டு, பொன்னம்மாள் முதலிய தமிழ்ப் பெண்களோடு மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போனார். 1901 மார்ச் மாதம் அவர் பண்ணைவிளையில் இருந்தபோது, ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி பெருங்குளத்துக் கோயில் வீட்டிலிருந்து தப்பி ஓடி வந்து அவர் மடியில் ஏறிக்கொண்டாள். தேவதாசியாக்குவதற்காகக் கொடுக்கப்பட்ட குழந்தை. அதற்கு முன்பே ஒரு முறை தாயிடம் ஓடிப்போய், திரும்பப் பிடித்துவரப்பட்டுக் கையில் சூடு வாங்கியவள். பிள்ளை பிடிக்கிற வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி ஊருக்குள் அலைகிறாள் என்று அந்தப் பெண்ணை வீட்டில் பயமுறுத்தி வைத்திருந்தார்களாம். பிடித்துக்கொண்டு போகட்டும் என்றுதான் அவள் அந்த அம்மாளைத் தேடிக்கொண்டே வந்தாள்! குழந்தையின் தர்க்கம் எப்படி நேராகப் போகிறது பாருங்கள்.

அன்று முதல் எமி கார்மைக்கேல் ‘அம்மா’ ஆனார். ஒன்று இரண்டாகி, 1913க்குள் 130 குழந்தைகள். 1918 முதல் ஆண் குழந்தைகளும் வந்தார்கள். பிற்காலத்தில் ‘பரம சுகசாலை’ என்று ஓர் ஆஸ்பத்திரியும் எழுந்தது. முல்லர் வைத்துக்கொண்ட அதே விரதம் இங்கும்: யாரிடமும் பணம் கேட்பதில்லை. இத்தனை குழந்தைகளுக்கு நாளைக்கு அரிசி வேண்டுமென்றால் இன்றைக்கு முழங்காலில் நிற்பதுதான் வழி.

குழந்தைகளை எந்த நிலையிலிருந்து மீட்கிறோம் என்று விசாரிக்க அவர் கோயில் பிரகாரங்களுக்கும் போக வேண்டியிருந்தது. முகத்திலும் கையிலும் காப்பிச் சாயம் பூசிக்கொண்டு தமிழ்ப் பெண்ணாகப் போவாராம். சாயம் பூசலாம், புடவை கட்டலாம்; கண்ணை என்ன செய்வது? நீலக் கண்ணாக இருந்தால் முதல் நாளே அகப்பட்டிருப்பார். மூன்று வயதில் கடவுள் ‘இல்லை’ என்று சொன்னதன் பொருள் அப்போதுதான் அவருக்கு விளங்கியது என்று அவருடைய சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

கதை இவ்வளவோடு நின்றால் அழகாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் சொல்லிவிட்டுப் போகலாம். வாழ்க்கை அப்படி நிற்பதில்லையே. எல்லா ‘இல்லை’க்கும் பொருள் விளங்கிவிடவில்லை. அவரிடம் வந்த கைக்குழந்தைகள் பல நோயில் மடிந்தன. குழந்தையைக் கடத்தினார் என்று வழக்கு வந்தது. வாக்கர் ஐயர் 1912இல் திடீரென்று காலமானார். வலது கையாக இருந்த பொன்னம்மாள் 1915இல் புற்றுநோயால் இறந்தார். இவர்களுக்காகவெல்லாம் பிரார்த்தனை செய்யாமலா இருந்திருப்பார்? மூன்று வயதுக் குழந்தை கண்ணாடிக்கு முன்னால் நின்றது போலவே, அந்த அம்மாள் ஒவ்வொரு குழிக்கு முன்னாலும் போய் நின்றிருக்கிறார்.

இந்த இடத்தில் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். இந்து சமயத்தைப் பற்றி எமி அம்மாள் எழுதியவற்றில் என் மனம் ஒப்பாத பக்கங்கள் உண்டு. கோயிலில் அவர் கண்டது ஓர் இருட்டறையை. அது உண்மையிலேயே இருட்டறைதான். ஆனால் அதே கோயிலில் ரத்தின சபையும் இருந்தது, காரைக்கால் அம்மையின் பாட்டும் இருந்தது. அவற்றை அவர் கண் பார்க்கவில்லை. அந்த இருட்டைப் போக்க நம்மவர்களும் எழுந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் போராடினார். அடைக்கலம் தேடி வந்த பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936இல் ‘தாசிகள் மோசவலை’ என்று நாவலே எழுதினார். 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக் கட்டும் வழக்கத்தைச் சட்டம் ஒழித்தது. ஒரு பெண் பிரார்த்தனையில் நின்றாள், ஒரு பெண் சட்டசபையில் நின்றாள், ஒரு பெண் பேனாவோடு நின்றாள். மூவரும் காத்தது ஒரே குழந்தையைத்தான்.

பிறகு 1931ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் தேதி வந்தது. தமக்குத் தொண்டு செய்ய ஏற்றவளாகத் தம்மை எது செய்தாலும் சரி என்று எமி அம்மாள் அன்று காலையில் கடவுளிடம் வேண்டிக்கொண்டாராம். மாலையில் களக்காட்டில் வைத்தியசாலைக்காகத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனார். மங்கிய வெளிச்சம். தோண்டக் கூடாத இடத்தில் யாரோ ஒரு குழி தோண்டியிருந்தார்கள். அதில் விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது. சில வாரத்தில் எழுந்துவிடலாம் என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள். வலி போகவில்லை, வேறு உபாதைகளும் சேர்ந்துகொண்டன. ஏறக்குறைய இருபது வருஷம், 1951 ஜனவரி 18ஆம் தேதி உயிர் பிரியும் வரையில், பெரும்பாலும் அறையும் படுக்கையுமாகவே கழிந்தது.

அந்த இருபது வருஷத்தில் எத்தனை பேர் அவருக்காக ஜபம் செய்திருப்பார்கள்! அவர் வளர்த்த நூற்றுக்கணக்கான குழந்தைகள் அடுத்த கூடத்திலேயே இருந்தார்கள். பெரியவர்களின் பிரார்த்தனை பலிக்காமல் போகலாம். குழந்தைகளின் பிரார்த்தனையுமா பலிக்கக் கூடாது? பலிக்கவில்லை. அம்மா எழுந்து நடக்கவில்லை.

இங்கேதான் நான் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பரீட்சையில் தேற வேண்டும், பெண்ணுக்கு வரன் அமைய வேண்டும், அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டும் என்று நாம் எல்லோரும் ஏதாவது ஒரு சந்நிதியில் நின்றிருக்கிறோம். கிடைத்தால் தேங்காய் உடைக்கிறோம். கிடைக்காவிட்டால் தெய்வத்தோடு பேச்சை நிறுத்திக்கொள்கிறோம். சிலர் வேறு கோயிலுக்கு மாறிப் போகிறார்கள். கொடுக்கல் வாங்கல் நின்றுபோன கடைக்கும் நமக்கும் உள்ள உறவு அது.

குழந்தை அப்படிச் செய்வதில்லை. கேட்ட பொம்மையை வாங்கித் தராத அம்மாவிடம் குழந்தை தரையில் புரண்டு அழுகிறது, கோபித்துக்கொள்கிறது, கையால் அடிக்கக்கூடச் செய்கிறது. அழுது ஓய்ந்ததும் தூங்குவதற்கு எங்கே போகிறது? அதே மடிக்குத்தான். எமி அம்மாள் படுக்கையில் இருந்தபடியே பத்துக்கு மேற்பட்ட புத்தகங்களை எழுதினார். நோயாளிக்கு நோயாளி எழுதியவை பல. வலி இல்லை என்று அவற்றில் அவர் நடிக்கவில்லை. வலியினால் உறவு அறுந்துபோகவில்லை என்றுதான் காட்டுகிறார்.

இப்படிப்பட்ட நம்பிக்கை மனிதனைச் சோம்பேறியாக்கிவிடும், எல்லாம் அவன் செயல் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார வைத்துவிடும் என்று சொல்லும் அறிவாளிகளுக்கு நான் ஒன்றைக் காட்ட விரும்புகிறேன். கடவுள் பார்த்துக்கொள்வார் என்ற சீகன்பால்கு மணலில் எழுத்துப் பழகினார். முல்லர் கணக்கு எழுதினார். எமி அம்மாள் ஜபமும் செய்தார், ஆஸ்பத்திரியும் கட்டினார். குழந்தை சும்மா இருக்கும் பிராணி என்று யார் சொன்னது? வீட்டில் ஓயாமல் வேலை செய்வது அதுதான். நாளைய கவலை அதற்கு இல்லை. ஆகையால் இன்றைய பலம் முழுவதும் அதற்குக் கிடைக்கிறது.

டோனாவூர்த் தோட்டத்தில் எமி அம்மாளைப் புதைத்த இடத்தில் கல் வைக்கக் கூடாது என்பது அவர் கட்டளை. பிள்ளைகளுக்கு மனம் கேட்கவில்லை. பறவைகள் நீர் அருந்த ஒரு கல்தொட்டியை அங்கே வைத்து, ‘அம்மா’ என்ற சொல்லை மாத்திரம் பொறித்தார்கள்.

அந்தச் சொல் என்னை மறுபடி புராணத்துக்குக் கொண்டுபோகிறது. மாங்கனி கிடைத்ததே, புனிதவதியின் குடும்பம் வாழ்ந்ததா? இல்லை. கேட்டது கிடைத்த அந்தக் கணமே இல்லறம் உடைந்தது. மனைவி தெய்வம் என்று அஞ்சிய பரமதத்தன் கப்பலேறிப் போய், பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்துகொண்டான். ஒரு பெண்ணுக்கு நீலக் கண் கிடைக்கவில்லை. இன்னொரு பெண்ணுக்கு மாம்பழம் கிடைத்தது. கிடைக்காதவளும் வீட்டை விட்டுப் போனாள், கிடைத்தவளும் வீட்டை விட்டுப் போனாள். அப்படியானால் கிடைப்பதிலும் கிடைக்காததிலும் விஷயம் இல்லை போலும்.

அழகையும் உடம்பின் சதையையும் உதறிவிட்டுப் பேயுருவோடு அந்த அம்மை கயிலை மலையைத் தலையால் நடந்து ஏறினார். உலகத்துக்கெல்லாம் தகப்பனான சிவபெருமான் அவரைக் கண்டதும் தாயே என்று கூப்பிட்டார் என்கிறார் சேக்கிழார். தெய்வமே தாயென்று அழைத்த பிறகு வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் தலை நிமிர்ந்திருக்கும். அம்மையார் என்ன செய்தார்? தந்தையே என்று பதிலுக்குக் கூப்பிட்டார். தாய் என்ற பெருமையை ஒரு கணமும் வைத்துக்கொள்ளாமல் குழந்தையாகிவிட்டார். என்ன வேண்டும் என்று இறைவன் கேட்க, அவன் ஆடும்போது அடியின்கீழ் இருந்து பாட வேண்டும் என்றார். திருவாலங்காட்டுக்கு வா என்று அனுப்பிவைத்தான்.

அந்த முறை அவர் மாம்பழம் கேட்கவில்லை.